ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு வீடும்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. எறிவதற்குத் தோதான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்.

போன வருஷம் முழுக்க மாதாமாதம் நான் உனக்குப் போட்ட கடிதங்களில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. வேறு யாரோ பெண்பிள்ளையை வைத்து எழுதினேன் என்று சந்தேகப்படாதே. அதற்கு வேண்டிய சாமர்த்தியமும் என்னிடம் இல்லை, தலையில் முடியும் இல்லை. எழுதியது என் ஆபீஸ் கணினி. நான் செய்ததெல்லாம் உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டியதுதான். அந்த எச்சில் மட்டும் அசல்.

என் வேலையைப் பற்றித் தெரிந்தவர்களிடமெல்லாம் ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாய். இல்லை அக்கா. கணினிக்கு உத்தரவு போடுவதற்கென்றே தனித்தனி மொழிகள் இருக்கின்றன. அவற்றில் எது சரியான வாக்கியம், எது உளறல் என்று விதி எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பெயரைக் கோண அடைப்புக்குள் போடுவேன். பக்கத்தில் இரண்டு முக்காற்புள்ளியும் ஒரு சமக்குறியும். ‘இது என்றால் இன்னது’ என்று அர்த்தம். நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டால் ‘அல்லது’. வித்தை இவ்வளவுதான். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

விதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைத் தலைகீழாக ஓட்டுவோம். ‘இந்த விதிக்குப் பொருந்துகிற வாக்கியங்களை நீயே உண்டாக்கு’ என்று கணினியிடம் விட்டுவிடுவோம். ‘அல்லது’ வரும் இடத்திலெல்லாம் அது குருட்டாம்போக்கில் ஒன்றைப் பொறுக்கும். ஒருநாள் வேலை இல்லாத மத்தியானத்தில், நான் உனக்கு வழக்கமாக எழுதும் கடிதத்துக்கு விளையாட்டாக ஒரு விதி எழுதினேன்.

‹கடிதம்› ::= ‹விளி› ‹முழங்கால்› ‹வானிலை› ‹வீடு› ‹சாக்கு›

யோசித்துப் பார், நான் கையால் எழுதியபோதும் இதைத் தாண்டி உனக்கு எதுவும் எழுதியதில்லை. கடைசியில் வரும் சாக்குக்கு மட்டும் மூன்று வழி வைத்தேன்: அடுப்பில் பால், அல்லது வாசலில் யாரோ, அல்லது மை தீர்ந்துவிட்டது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்துவேன், கடிதம் வந்து விழும். நீ பதிலும் போட்டாய். நான் எழுதியபோது போட்டதைவிட நீளமான பதில். அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட.

போனில் பேசலாம்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் நீ உன் மலச்சிக்கலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஸ்பீக்கரைப் போட்டு ஆபீஸுக்கே கேட்கவைத்தேன் அல்லவா? அன்றோடு ‘உன்னோடு இனிமேல் போனில் பேச்சில்லை, எழுதினால் எழுது’ என்றாய். ஒரு வார்டையே அடக்கி ஆண்ட நர்ஸ் சொன்ன சொல், மாறுமா?

இப்போது ஏன் இதை அவிழ்க்கிறேன் என்றால், உன் கடிதம் நேற்று வந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னிடமே வந்துவிடப்போகிறாயாம். ‘நீயே கூப்பிட்ட பிறகு எனக்கு என்ன தயக்கம்’ என்று எழுதியிருக்கிறாய்.

அக்கா, நான் கூப்பிடவில்லை. கணினியும் கூப்பிட்டிருக்க முடியாது. என் விதிகளில் ‘வா’ என்ற சொல்லே கிடையாது. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய ஒரு சமையலறை. மகளுக்குக் குழந்தை பிறந்து உன் தம்பி பெண்டாட்டி அங்கே போயிருக்கிறாள், நான் மட்டும் இருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பேசி இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இரு.

திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 12

அருமைத் தம்பிக்கு,

முழங்கால் வலி அப்படியேதான். உட்காரச் சொன்னாய், உட்கார்ந்தேன். எழுந்திருக்க உன் விதியில் வழி இருந்தால் சொல்.

வெயில் இப்போதே ஏறிவிட்டது.

வீட்டுக்கு வருவோம். ஹால், படுக்கையறை, சமையலறை என்று எனக்கே கதை சொல்கிறாயா? போன மார்ச்சில் போட்ட கடிதத்தில் ஹாலை ஒட்டி ஓர் அறை, அதில் சுவர் அலமாரி என்று எழுதினாய். அடுத்ததில் அந்த அறையை ஒட்டி இன்னொன்று, நீலத் திரை போட்டது. மழைக்காலத்தில் அதற்கும் அந்தப் பக்கம் ஒன்று. கடிதத்துக்குக் கடிதம் வீடு வளர்ந்தது. ‘பார், என் தம்பி சுவரை இடித்து இடித்துக் கட்டுகிறான், கையில் நாலு காசு சேர்ந்துவிட்டது, வாயைத் திறக்கிறானா பார்’ என்று நான் கண்டவர்களிடமெல்லாம் பெருமை அடித்துவிட்டேன். கடைசிக் கடிதத்தில் நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன். ‘பின்னறைக்குப் பின்னறை காலியாக இருக்கிறது, அக்கா. வா. நீ வந்தால் அதற்கு அந்தப் பக்கம் இருப்பதையும் திறக்கலாம்.’

இதை நீ எழுதவில்லை, மிஷினும் எழுதவில்லை என்றால் பிறகு யார், தபால்காரரா? ஒரு மிஷினுக்கு இருக்கும் பாசம் கூடப் பிறந்தவனுக்கு இல்லை என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். சிரிப்புத்தானா என்று கேட்காதே.

மாதக் கடைசியில் சாவியைத் தருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்து வரப்போகிறவர்கள் வந்து, சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று என் முன்னாலேயே சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இனி உன் வீடு, இல்லாவிட்டால் தெரு. எது என்று நீயே சொல்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், நிறுத்துகிறேன்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

உன்னைத் தெருவில் விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு கண்ணாடி பார்ப்பேன்? சரி, வா. ஹாலில் கட்டில் போட்டுக்கொள்ளலாம். என் வீட்டு அதிகாரியிடம் போனில் அனுமதி கேட்டேன்.

“வரட்டும், எனக்கென்ன? ஆனா சமையல்கட்டுல ஒரு கரண்டி இடம் மாறியிருந்தாலும் நான் இங்கேயே இருந்துடுவேன், சொல்லிட்டேன்” என்றாள்.

அவள் அகராதியில் இதற்குச் சம்மதம் என்று பொருள்.

நீ சொன்ன அறைகளைப் பற்றி யோசித்தேன். அது என் சோம்பேறித்தனம். வீட்டைப் பற்றி விதி எழுதும்போது அறைகளை ஒவ்வொன்றாக அடுக்கப் பொறுமை இல்லாமல், எங்கள் தொழிலில் எல்லோரும் கைகழுவுவதுபோல அன்றாடம் செய்கிற குறுக்குவழி ஒன்றைச் செய்துவிட்டேன்.

‹வீடு› ::= ‹அறை› | ‹அறை› ‹வீடு›

வீடு என்றால் ஓர் அறை. அல்லது, ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு வீடும். அந்த ஒட்டியிருக்கும் வீடு என்ன என்று கேட்டால், மறுபடி மேலிருந்து படிக்க வேண்டும்: அது ஓர் அறை, அல்லது ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு வீடும். ஒரே வரியில் எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டே போகலாம். எந்தக் கொத்தனாரும் கிட்டே வர முடியாது.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரருக்கு நான் காற்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறேன். யார் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் நடுவில் வந்து விழுவார். அவரிடம் விதியைக் காட்டினேன்.

“இதுல தப்பே இல்லையே சார். நாம தினமும் எழுதறதுதானே?”

“முடிவே இல்லாம போயிட்டா?”

“எப்படிப் போகும்? எப்பவாவது ஒரு தடவை முதல் வழியைப் பொறுக்கினா நின்னுடும்.”

“பொறுக்கறது யாரு?”

“அதை விதி சொல்லாது சார். என்னென்ன நடக்கலாம்னு சொல்றதுதான் விதி. யார் நடத்தறாங்கன்னு அதுக்கு எதுக்கு?”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு டீ இறங்கவில்லை.

உன்னைக் கூப்பிட்ட அந்த வரியை, கணினியில் இருக்கும் கடித நகல்களில் தேடினேன். இல்லை. எந்தக் கடிதத்திலும் இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உன் கட்டிலுக்கு இடம் பண்ண ஹாலில் இருக்கும் பீரோவை நகர்த்தினேன். பின்னால் ஒரு கதவு. சுவரில் அடித்திருக்கும் அதே நிறம். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பீரோ அங்கேதான் நிற்கிறது. அதை வைத்தது நாங்களா, முன்பே இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. பிடியைத் திருகினேன். நேற்றுத்தான் எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு திரும்பியது.

உள்ளே ஓர் அறை. சுவர் அலமாரி. ஜன்னல் கிடையாது, ஆனால் வெளிச்சம் இருந்தது. மத்தியானம் தூங்கி எழுந்தால் வருமே, மணி என்ன என்று சொல்லாத வெளிச்சம், அது. எதிர்ச் சுவரில் இன்னொரு கதவு.

மூடிவிட்டு லிஃப்டில் இறங்கித் தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு கழிவுநீர்க் குழாய். குழாய்க்கு அந்தப் பக்கம் காற்று. ஒரு புறா பறந்து போயிற்று, அது எதிலும் முட்டிக்கொள்ளவில்லை.

“என்ன சார் தேடறீங்க?” என்றார் காவலாளி.

“ஒரு ரூம்.”

“வாடகைக்கா?”

அக்கா, வா. ஆனால் கிளம்புவதற்கு முன் சொல். நான் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்து வருகிறேன். தனியாக வந்து மணியை மட்டும் அடிக்காதே.

தம்பி


மார்ச் 1

அருமைத் தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் வீட்டில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, நேராக நடக்கலாம்.

வெயிலா மேகமா என்று சொல்லத் தெரியவில்லை, இங்கே ஜன்னல் இல்லை.

வீடு நீ எழுதியபடியேதான் இருக்கிறது. வந்துவிட்டேன். ஸ்டேஷனில் உன்னைக் காணவில்லை, நானே விசாரித்து வந்து மணி அடித்தேன். உன் பெண்டாட்டி திறந்தாள். “வாங்கக்கா” என்று ஒரே வார்த்தை, என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. அலமாரி அறை, நீலத் திரை அறை, அதற்கு அப்புறம், அதற்கும் அப்புறம். ஓர் அறையில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாய். “டேய்” என்றேன். “வேலை இருக்கு அக்கா, நீ போய்க்கிட்டே இரு” என்றாய்.

எவ்வளவு வேலை இருந்தால் என்ன? இரண்டு வருஷம் கழித்து வருகிற அக்காவைத் திரும்பிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா? எனக்கு வந்த கோபத்தில் அடுத்த அறைக்குப் போனேன். அங்கேயும் நீ இருந்தாய். அங்கேயும் முதுகு.

என்னை உட்காரவைத்துவிட்டு உன் பெண்டாட்டி காபி கொண்டுவந்து வைத்தாள். சூடும் இல்லை, ஆறியும் போகவில்லை. உன் மகளும் இங்கேதான் இருக்கிறாள். “குழந்தை எங்கேம்மா?” என்று கேட்டேன். ஒட்டியிருக்கிற அறையைக் காட்டினாள். அங்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் அவள்தான் இருந்தாள், இன்னும் ஒட்டியிருக்கிற அறையைக் காட்டினாள்.

வாசலில் யாரோ. நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதம் தபாலில் வரவில்லை. பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவின் அடியில், பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் கிடந்தது.

முதல் வேலையாக மகள் வீட்டுக்குப் போன் போட்டேன்.

“நீ எங்கே இருக்கே?” என்றேன் மனைவியிடம்.

“எங்கே இருப்பேன்? பிள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கேன்.”

“அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டியா?”

“உங்களுக்கு என்ன ஆச்சு? வேளைக்குச் சாப்பிடறீங்களா இல்லையா?”

குழந்தை வீறிட்டது. தண்ணீர் சத்தம் கேட்டது. அவள் அங்கேதான் இருக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை.

நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் உன் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. என் காதில் ஒரு மணி. கதவுக்கு உள்ளே, வெகு தூரத்தில், இன்னொரு மணி. நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. மறுபடி அழுத்தினேன். அக்கா, இரண்டாம் தடவை அது இன்னும் தூரத்தில் அடித்தது.

உள்ளே போனேன். ‘அக்கா, அக்கா’ என்று கத்திக்கொண்டே அலமாரியைத் தாண்டி, திரையைத் தாண்டிப் போனேன். அடுத்த அறையில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். என் சட்டை. நான் என் பின்னந்தலையை இதுவரை பார்த்ததில்லை. சொட்டை இவ்வளவு பெரிசு என்று வீட்டில் ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா? சிரிப்பு வந்தது. நான் சிரித்ததும் அந்தத் தோள்களும் குலுங்கின. பிறகு அவன் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தான். நான் இருந்து பார்க்கவில்லை. ஓடி வந்துவிட்டேன். நான் எப்போதும் கோழைதான், உனக்குப் புதிதில்லை.

ஆபீஸுக்குப் போய் அந்த விதியின் இரண்டாம் பாதியை அழித்தேன். வீடு என்றால் ஓர் அறை, அவ்வளவுதான், சங்கதி முடிந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். பீரோவுக்குப் பின்னால் வெறும் சுவர். தட்டிப் பார்த்தேன், கெட்டிச் சுவர். ‘ஆகா, வேலை தெரிந்தவன் என்றால் நான்தான்’ என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

அப்போதுதான் உறைத்தது. நீ உள்ளே இருக்கிறாய்.

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் ஆபீஸுக்கு ஓடினேன். அழித்ததை எழுத்துப் பிசகாமல் திரும்ப எழுதினேன். இப்போது கதவு இருக்கிறது. இதை அதன் அடியில் தள்ளுகிறேன். தயவுசெய்து பதில் போடு. ஒரு வரி போதும். திட்டாக இருந்தாலும் போதும்.

தம்பி


மார்ச் 4

அருமைத் தம்பிக்கு,

முழங்கால் மரத்துவிட்டது. வலியே இல்லை.

மழை போலிருக்கிறது. சத்தம் சுவருக்குள் கேட்கிறது.

வீட்டில் கொஞ்ச நேரம் கதவு இல்லாமல் போயிற்று. நாலு சுவரும் நானும். உன் பெண்டாட்டியும் இல்லை, நீயும் இல்லை, காபி மட்டும் இருந்தது. நான் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தேன், மறுபடி சுற்றி வந்தேன். வார்டில் செத்தவரோடு தனியாக உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. அது பழகிவிடும். ஏனென்றால் பிணத்துக்கும் ஒரு கதவு உண்டு, யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

கதவு திரும்பி வந்தபோது வேறொரு சுவரில் இருந்தது. அதைத் திறந்தால் நான் வந்த அறை இல்லை. எந்தப் பக்கம் வெளியே, எந்தப் பக்கம் உள்ளே என்று எனக்கு இப்போது தெரியவில்லை. நான் வெளியே என்று நினைத்து நடக்கிறேன், ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது.

நீ வந்து என்னை அழைத்துக்கொண்டு போ. சண்டை எதுவாக இருந்தாலும் வெளியே போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

மை தீர்ந்துவிட்டது.

அக்கா


மார்ச் 5

அக்கா,

உன் கடைசி மூன்று கடிதங்களையும் ஹால் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலில் நல்ல வெயில். கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்புகிறார்கள். உலகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

விளி, முழங்கால், வானிலை, வீடு, சாக்கு. மூன்றிலும். பால், வாசல், மை.

ஒரு வாக்கியத்தைக் காட்டினால் அது எந்த விதியிலிருந்து வந்தது என்று நான் சொல்லிவிடுவேன். என் பிழைப்பே அது. ஆகவே என் முன்னால் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது என்று நடிக்கமாட்டேன்.

ஆனால் ‘பிணத்துக்கும் ஒரு கதவு உண்டு’ என்ற வரியை நான் எந்த விதியிலும் எழுதவில்லை. அப்படிப் பேச ஒரே ஒரு வாய்தான் எனக்குத் தெரியும். என்னிடம் வந்த கடிதங்களைப் பார்த்துப் பார்த்து உனக்கும் அதே வரிசை கைக்கு வந்திருக்கலாம். கூடப் பிறந்தவர்கள் ஒரே மாதிரி கடிதம் எழுதுவது என்ன உலக அதிசயமா? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் வலுவானவர்தான். இருந்தாலும், நீ சுவரைத் தடவிக்கொண்டு சுற்றி வருவதாக எழுதினாயே, அதைப் படித்த பிறகு என்னால் இந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. அங்கே நீ இல்லாவிட்டால் ஒரு முட்டாள் வீணாக நடந்தான் என்று போகட்டும். நீ இருந்தால்?

இன்று காலை காற்புள்ளியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

“நான் லீவு. அந்த விதியில யாரும் கை வைக்கக் கூடாது. மேலதிகாரி சொன்னாலும் சரி, கடவுள் சொன்னாலும் சரி.”

“எங்கே சார் பயணம்?”

“அக்காவை அழைச்சுட்டு வரப் போறேன்.”

“ரொம்ப தூரமா?”

“ஒட்டினாப்ல இருக்கற அறைதான்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதை உள்ளே தள்ளிவிட்டுப் பின்னாலேயே நான் வருகிறேன். ஒவ்வோர் அறையிலும் உரக்கக் கூப்பிடுவேன். நீ இருக்கும் இடத்திலேயே இரு, நடக்காதே. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன் எவனோடும் பேசாதே, அவன் திரும்பினாலும் பார்க்காதே. நடந்து வருகிறவன்தான் நான். மூச்சு வாங்கும், கேட்டாலே தெரியும்.

வெளியே வந்ததும் என்னைத் திட்டு. போனிலும் திட்டு. ஸ்பீக்கரை நானே போட்டு ஆபீஸுக்கே கேட்கவைக்கிறேன்.

தம்பி


மார்ச் 19

டேய் வாலு,

எங்கேடா போய்த் தொலைந்தாய்?

உன் பெண்டாட்டி நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். எடுத்தால் ஒரே அழுகை.

“அக்கா, அவர் அங்கே வந்திருக்காரா?”

“இங்கே எதுக்கும்மா வரான்? அவனும் நானும் பேசியே ரெண்டு வருஷம் ஆகுது.”

“உங்களை அழைச்சுட்டு வரேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுப் போனாராமே!”

என்னை எங்கேயடா அழைத்துப்போக? நான் எங்கே கிளம்பினேன்? வீட்டுக்காரர் போன மாதம்தான் வெள்ளையடித்துக் கொடுத்தார், நான் செத்தால்தான் இங்கிருந்து காலி செய்வேன் என்று அவருக்கே தெரியும். நீயாகக் கூப்பிட்டாலும் உங்கள் புறாக்கூட்டில் வந்து இருக்க எனக்குப் பைத்தியமா?

வீடு திறந்து கிடந்ததாம். பீரோவை ஹால் நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறாயாம். அது இருந்த இடத்தில் வெறும் சுவர், ஒரு கீறல் இல்லை என்கிறாள். சுவரை ஒட்டி உன் செருப்பு மட்டும் இருக்கிறதாம், உள்ளே போகிறவன் கழற்றிவிட்ட மாதிரி, முனை சுவரைப் பார்த்து. இதென்ன விளையாட்டு? பேரன் எடுத்தவன் செய்கிற காரியமா இது? அவளோடு சண்டை என்றால் சொல், நான் பேசுகிறேன். எங்கேயாவது ஒளிந்துகொண்டு எல்லோரையும் அழவைத்து வேடிக்கை பார்ப்பது உனக்கு ஐந்து வயதிலிருந்தே பழக்கம்.

உன் கடிதமும் டிசம்பரோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒரு வரி இல்லை. நீ மாதாமாதம் எழுதுவதில் ஒன்றும் இருக்காது, சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் தபால்காரர் தெருவில் வந்தால் எட்டிப் பார்க்கிறேன். சொல்லிவிட்டேன், போதுமா?

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் உன் வீட்டு முகவரிக்கே போடுகிறேன். கண்ணில் பட்டால் உடனே பதில் எழுது.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஜனவரி முதல் வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். போன் அங்கேயே தூள்தூளாகிவிட்டது, எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. சரியாகக் கூடவில்லை என்று மறுபடி கட்டி, நேற்றுத்தான் அவிழ்த்தார்கள். இந்த வருஷம் நான் பேனாவைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

அக்கா